இடது காலுக்கு வேலை இல்லை

புது வண்டிக்கு கிளட்ச் கிடையாது.
வாங்கி ஐந்து வாரம் ஆகிறது,
இடது காலுக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.
சிக்னல் சிவந்தால்
வெறும் தரையை அழுத்திப் பார்க்கிறது,
பூட்டிய கடையின் கதவைத்
தள்ளிப் பார்ப்பவனைப் போல.

முப்பத்தொரு வருஷம் ஷெவெட் ஓட்டிய கால்.
செர்ரோ மலை ஏற்றத்தில்
பாதி கிளட்ச், பாதி பிரேக்,
முழங்கால் நடுங்க நடுங்க
பின்னால் நிற்கும் பஸ்ஸின் மூக்கில் இடிக்காமல்
வண்டியைப் பிடித்து வைத்திருந்த கால்.
இப்போது சும்மா உட்கார்ந்து வருகிறது,
கல்யாண வீட்டில்
யாரும் வேலை சொல்லாத பெரியப்பா மாதிரி.

சத்தமும் இல்லை இந்த வண்டிக்கு.
இறங்கும்போது நதிக்காற்று காதில் கேட்கிறது.
ராத்திரி சமையலறை ஜன்னல் வழியே ஒயரை விட்டு
சார்ஜ் போடுகிறோம்.
ஒயர் போக இரண்டு விரல் திறந்திருக்கும் ஜன்னலில்
ஜூன் மாதக் குளிரும் சேர்ந்தே வருகிறது.
சுல்மா அந்த இடுக்கில்
என் பழைய காலுறை ஒன்றைத் திணித்திருக்கிறாள்.
இடதா வலதா என்று நான் கேட்கவில்லை.

சமையலறை என்றதும்தான் ஞாபகம் வருகிறது:
உப்பு ஜாடியை எடுத்துவிட்டாள்.
நூற்றறுபத்தைந்துக்கு நூறு என்று
டாக்டர் இத்துரால்தே எழுதிக் கொடுத்த அன்றே.
அடுப்புக்கு வலப்பக்கம், கை எட்டும் இடம்.
அங்கே இப்போது காய்ந்த ஓரெகனோ.
கை தன்னாலே போகிறது,
தன்னாலே கிள்ளுகிறது,
தக்காளிக் குழம்பில் இத்தோடு மூன்றாம் முறை ஓரெகனோ.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்கிறார்கள்.
உப்பை ஒளித்தவளை?
நினைக்கிறேன். வாய்க்கு வாய் நினைக்கிறேன்.

மார்ச்சிலிருந்து சமையல் என்னுடையது.
எனக்குத் துறைமுகத்தில் ஓய்வு கொடுத்தார்கள்,
அவளுக்கு ஆஸ்பத்திரியில் மாலை ஷிப்ட் கொடுத்தார்கள்.
இருபத்தொன்பதாம் தேதி வந்தால்
ஊரெல்லாம் ஞோக்கி,
தட்டுக்கு அடியில் ஒரு நோட்டு,
அடுத்த மாதம் பணம் தங்கும் என்று.
முதல் மாதம் என் ஞோக்கி தண்ணீரில் கரைந்து போனது,
கரண்டியால் குடித்தோம்.
அடுத்த மாதம் ரப்பர்.
பக்கத்து வீட்டு அதெமார் ஒன்றை வாயில் போட்டு
வெகுநேரம் நட்பாகவே மென்றான்.
முள்கரண்டியின் முதுகில் உருட்டினால்
வரி விழ வேண்டும்.
என் கட்டைவிரல் அதைக் கற்கவே
இரண்டு கிலோ உருளைக்கிழங்கு ஆனது.

நேற்று இருபத்தொன்பது.
தண்ணீர் கொதிக்கிறது, ஞோக்கி அடியில் கிடக்கிறது,
மிதந்து வந்தால் எடுக்க வேண்டும்.
ஜன்னல் இடுக்கில், காலுறையைத் தாண்டி, ஒரு இருமல்.
தெரிந்த இருமல்.
என் ஷெவெட்.
பேக்கரிப் பையன் மைக்கோலிடம் தவணையில் கொடுத்தது.
ஏற்றத்தின் நடுவில் நின்றுவிட்டது,
கிளப்புகிறான், துள்ளி அணைகிறது,
கிளப்புகிறான்,
பின்னால் எவனோ ஹார்னை விடாமல் பிடித்திருக்கிறான்.

வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம்.
கையில் துளைக்கரண்டி, மேலே ஏப்ரன்.
நின்ற இடத்திலேயே
இடது காலைத் தரை ஓட்டில் முழுக்க அழுத்தினேன்.
பொறு.
குதிகாலை ஊன்றிக்கொள்.
விடு, இன்னும் கொஞ்சம் விடு,
நடுக்கம் வருகிறது பார், அங்கே நில்,
இப்போது கொடு.

வண்டி ஏறிப் போனது.
அவன்தான் ஓட்டினான், எனக்குத் தெரியாதா.
ஆனாலும் முழங்கால் வலித்தது, நன்றாக.

அதற்குள் ஞோக்கி எல்லாம் மிதந்து, பாதி குழைந்துவிட்டது.
மைக்கோலின் தவணைப் பணத்தில் ஒரு நோட்டை
அவள் தட்டுக்கு அடியில் வைத்தேன்.
பத்தரைக்கு வந்தாள் சுல்மா,
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்,
இரண்டு வாய் தின்றாள்,
ஓரெகனோவா என்றாள்,
இல்லை என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து
மேசைக்கு அடியில் குனிந்து பார்த்து,
எதை மிதித்துக்கொண்டிருக்கிறாய் என்றாள்.