அரையே இருமா

ஏழாம் அத்தியாயம் மேசையில் கிடக்கிறது.
ஜம்பட்டா வீதியில் மூன்றாம் மாடி,
கீழே கோழிக்கடை,
ஜன்னலுக்கு அப்பால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
எதையோ கேட்டுக் கைநீட்டி, கேட்டது மறந்துபோன மாதிரி.
உயர்தர வகுப்புக்கு அமெரிக்க வரலாறு.
பக்கத்துக்கு நூற்றிருபது ரூபா.
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம் இராசநாயகத்துக்கு.

முதல் அத்தியாயங்கள் லேசாகத்தான் போயின.
மரக்கலம், காய்ச்சல், பட்டினி,
ஏற்கெனவே பெயர் இருந்த ஆற்றுக்குத்
தங்கள் ராஜாவின் பெயரை வைத்தது,
பிறகு புகையிலை.
புகையிலைக்குப் பின்னால் ஒரு கப்பல்,
அதில் கறுப்பர்கள் இருபதும் சொச்சமும்.
சொச்சம் என்று எழுதிவிட்டு
கொஞ்சநேரம் பேனாவை மூடிவைத்திருந்தேன்.
எங்கள் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கியபோதும்
எவனாவது இப்படித்தான் எண்ணி முடித்திருப்பான்.

தேயிலைப் பெட்டிகள் வந்த இடத்தில்
நிஸ்ரினாவுக்குச் சிரிப்பு.
பிழை திருத்துகிறவள், மருதானையிலிருந்து பஸ்ஸில் வருவாள்.
"உங்கட தேயிலையையே கடலுக்க கொட்டினவங்கள்?"
இல்லை என்றேன், அது சீனத்துத் தேயிலை.
அந்த இரவில் எங்கள் மலை வெறும் காடு,
கோப்பிகூட வந்திருக்கவில்லை.
நாங்கள் மதுரைக்குத் தெற்கே எங்கேயோ
மழை பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிரதிநிதி இல்லையென்றால் வரியும் இல்லை:
வரிக்கு வரி, ஒரு நிமிடத்தில் முடிந்தது.

சிக்கல் சாசனத்தின் முதல் சொல்லில்.
ஆங்கிலத்தில் அது ஒன்றுதான். அவர்களுக்கு வசதி.
தமிழில் நாம் என்றால் கேட்கிறவனும் உள்ளே,
நாங்கள் என்றால் அவன் வாசலோடு சரி.
ஜன்னல்களை அடைத்துக்கொண்டு
ஒரு கோடை முழுக்க வியர்த்துப் பேசியவர்கள்
எதை நினைத்திருப்பார்கள்?
"நாம் எண்டே போடும்" என்றார் இராசநாயகம் ஃபோனில்,
"கேள்வித்தாளில அப்பிடித்தான் வரும்."

போட்டேன்.
அடுத்த பத்தியில் கணக்கு.
அடிமை என்ற சொல் தேடினாலும் கிடைக்காது.
'மற்றைய ஆட்கள்', அவ்வளவுதான்.
அவர்களில் ஐந்துக்கு மூன்று பேர் எண்ணப்படுவார்கள்.
எண்ணிக்கை எசமானின் ஊருக்கு,
வாக்கு அவர்களுக்கு இல்லை.
பழைய வாய்பாட்டில் இந்தப் பின்னத்துக்கு
அழகான பெயர் உண்டு, அரையே இருமா.
நெல்லுக்கும் நிலத்துக்கும் வைத்த பெயர்.

என் கை வேறு சொல்லிடம் போனது.
அரைப்பேர்.
கொழுந்து நிறை குறைந்தால்
கணக்கப்பிள்ளை செக்ரோலில் போடுவது.
காலையில் அம்மா முழு ஆளாக மலையேறுவாள்,
மாலைத் தராசு அவளை அரையாக இறக்கிவைக்கும்.
என்னைச் சுமந்த மாதங்களில்
இரண்டு உயிருக்கு அரைப்பேர்.
பிரஜாவுரிமைக் கடதாசி அவள் கைக்கு வந்தபோது
நான் பள்ளிக்கூடமே முடித்திருந்தேன்.

எழுதினேன்: அரைப்பேரும் கொஞ்சமும்.
அடித்தேன்.
பரீட்சைக்கு ஆகாது.

வெள்ளிக்கிழமை தாள்கள் திரும்பிவந்தன.
பிழைகள் அதிகமில்லை, இரண்டு ஒற்று, ஒரு றகரம்.
முதல் சொல்லைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
நிஸ்ரினா வேறொன்றும் எழுதவில்லை.
தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் அவள் தெருவுக்கு
இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள்.
கொடுத்தவர்கள் தமிழில்தான் பேசினார்கள்.
எந்தச் சொல்லால் பேசினார்கள் என்று
நான் அவளிடம் இதுவரை கேட்டதில்லை.

வட்டத்தை அழிக்கவில்லை,
விடையும் எழுதவில்லை.
கேள்விக்குத் தனியாகக் காசும் கிடையாது.

கீழே கோழிக்கடையில் கத்தியைத் துடைத்துக்கொண்டே
யாரையோ கேட்கிறான்:
"முழுசா அண்ணே, பாதியா?"