கைமாறிய டில்லர்

கிராஞ்சியில் குத்தகை முடிந்த தோட்டத்தில்
நானூறு வெள்ளி கேட்டார் கிம் செங்.
எண்ணெய்க் குச்சியை உருவிக் காட்டினேன்:
கோப்பி ஓ.
முந்நூற்றுப் பத்துக்கு இறங்கினார்.

எண்ணெய் மாற்றி, பிளக் துடைத்து,
மழைக்கு மறுநாளே அவசரப்பட்டு ஓட்டியதில்
களிமண் செங்கல் செங்கலாய்ப் புரண்டது.
இப்போதெல்லாம் ஒரு பிடி உருட்டிப் பார்க்கிறேன்,
உதிர்ந்தால்தான் கயிற்றை இழுப்பது.

மாலையில் பிளக் வயரைக் கழற்றிவிட்டு
கத்திகளில் சுற்றிய லாலாங் புல்லை அறுப்பேன்.
நேற்று புல்லோடு வந்தது
ஒரு சின்னச் செருப்பின் நீல வார்.
கிம் செங்குக்குப் படம் அனுப்பினேன்.
“கத்திக்கு ஒன்னும் ஆகலையே லா?”

சக்கரம் முன்னே, கத்தி பின்னே:
தன் தடத்தைத் தானே கொத்திப் புதைத்தபடி போகிறது.
கிளறிய மண்ணை மிதிக்காமல்
ஒரு கையால் பிடித்து ஓரமாக நடக்கிறேன்.

என் குத்தகையில் பதினோரு மாதம் மீதி.