ஒன்பதாம் எண்

டெல்வினின் ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிந்தது.
கோவாக்காரர்கள் புதுப்பிக்கவில்லை.
கோழிக்கோட்டிலிருந்து ஒருவன் தினமும் கூப்பிடுகிறான்,
வீடும் வண்டியும் தருகிறானாம்.

எங்கள் கழகத்தில் இருப்பது
படகுக்கு இரண்டாயிரம் வீதம் பிரித்த பணம்,
மஸ்கட்டிலிருந்து ஆன்றோஸ் அனுப்பியது,
போன திருவிழா வெடிக்கணக்கில் மிஞ்சியது.
மீன்பெட்டி மூடியில் எழுதிக் கூட்டுகிறார்கள்.
"வருவான் லேய், நம்ம பயதானே."
"வரப்பிடாது. முட்டு போனா யாரு பாப்பா?"
இரவிபுத்தன்துறையில் இந்த வாரம்
சாளை விலைகூட யாரும் கேட்கவில்லை.

அவன் அம்மா மட்டும்
"அவனிட்ட கேட்டியளா?" என்றாள்.
ஒரு பையன் பந்தைத் தட்டினான்.
மணலில் அது துள்ளவில்லை.

பிறகு என்னைப் பார்த்தார்கள்.
ஆறு வருடமாக ஒன்பதாம் எண் நான்.
போன ஆண்டு அரையிறுதியில்
காவலன் விழுந்து கிடக்க, திறந்த கம்பத்துக்கு முன் நின்று
கடலுக்கு அடித்தவன்.
வள்ளத்தில் போய்ப் பந்தை எடுத்து வந்தார்கள்.

அவன் வந்தால் என் முதுகில் எண் இருக்காது.
வராவிட்டால்
வள்ளவிளைக்காரன் மறுபடியும் கோப்பையை
எங்கள் தெரு வழியாகக் கொண்டுபோவான்,
கொட்டடித்து, மெதுவாக.

"வரட்டு" என்றேன்.
குரல் எழும்பவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னார்கள்.

இரவில் டெல்வின் அழைத்தான்.
"மச்சான், நீ என்ன சொன்ன?"
"வரச் சொன்னேன்."
"நெசமாவா?"
எனக்கு இந்தப் பக்கம் அலைச் சத்தம்,
அவனுக்கு ரயில் சத்தம்.
அது எந்தப் பக்கம் போகிற ரயிலென்று
நான் கேட்கவில்லை.

சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.
உப்புக்காற்றில் ஒன்பது காய்கிறது,
வால் சுருண்டு.