ஆல்டர்வுட், பணிப்பதிவேடு

கலிவரதன் மனு கொடுத்திருக்கிறார்.
சிங்காரத்தோப்பு. வலைக்கு நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்.
"தேவனாம்பட்டினத்துக்கு நேர் கிழக்கே, ஒன்பது பாகத்தில்
வலைதின்னி கிடக்கிறது.
என் அப்பன் வலையைத் தின்றது, என் வலையையும் தின்றது.
வெள்ளைக்காரன் விட்டுப்போன கப்பல்.
சர்க்கார் அதை எடுக்க வேண்டும்,
இல்லையென்றால் எனக்குக் கொடுக்க வேண்டும்."

நான் துறைமுக அலுவலகத்தில் கண்காணிப்பாளர்.
இருபத்தாறு வருஷமாய் மனிதர்களைக்
கட்டம் போட்ட தாளில் உட்கார வைக்கிறேன்.
லண்டனிலிருந்து நகல்கள் வந்திருந்தன.
கப்பலுக்கென்று தனித் தாள் இல்லை,
இருந்த தாளிலேயே எழுதினேன்.

பிறந்த இடம்: டெப்ட்ஃபோர்டு, தேம்ஸ் கரை.
அங்க அடையாளம்: ஐம்பது பீரங்கி;
இடது விலாவில் ஸ்பானியக் குண்டு புகுந்த ஓட்டை,
ஓக் பலகையால் அடைத்தது.
பணியில் சேர்ந்தது ஆயிரத்து எழுநூற்று முப்பத்தைந்து, முற்பகல்.
தகுதிகாண் பருவம் திருப்தியில்லை:
ஆற்றை விட்டு வெளியே வந்த அன்றே
மணலில் ஏறிவிட்டது.

பிறகு நான்கு வருஷம் பாய்மரத்தைக் கழற்றி
ஒரு சேற்றுக் கால்வாயில் கட்டிப்போட்டார்கள்.
சம்பளமில்லா விடுப்பு.
பணிமுறிவாகுமா என்று கோப்பு கேட்கும்.
ஆகாது என்று போட்டேன்.
எனக்கும் அப்படி ஒரு நான்கு வருஷம் உண்டு.

இடமாறுதல்: கீழைக்கடல்.
விண்ணப்பித்ததாகத் தெரியவில்லை.
வழியில் ஈறு அழுகி எழுபத்தொரு பேர்.

புதுச்சேரி முற்றுகை. இங்கே மை கலங்கியிருக்கிறது.
கரையோரம் ஆழமில்லை, கிட்டே போக முடியவில்லை,
தூரத்தில் நின்று சுட்டது, சுட்டது,
பாதிக் குண்டு மீனுக்கு.
கோட்டைச் சுவரில் கொஞ்சம் காரை உதிர்ந்தது.
அதற்குள் ஐப்பசி.
அந்த மழைக்கு இங்கிலீஷும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது.
பயணப்படி உண்டு.
பணி முடித்ததற்குச் சான்று இல்லை.

மார்கழியில் கடலூர்.
அடிப்பலகையைக் கப்பல்புழு தின்றிருந்தது,
தட்டினால் அப்பளச் சத்தம்.
ஆள் பற்றாக்குறை.
சம்பளப் பட்டியல், கடைசி ஏடு, வரிசை இருநூற்றுப் பதினெட்டு:
டாம் கடலூர், வயது பதினைந்து இருக்கலாம்,
தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றிய சலங்கில் வந்தவன்,
திரும்பிப் போகவில்லை.

வீட்டில் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும்.
எழுதியவனுக்கு அது வாயில் நுழையவில்லை,
ஊரைத் தூக்கிப் பேராய் வைத்துவிட்டான்.
பிடித்தம்: சட்டை ஒன்று, புகையிலை.
பாக்கி: நான்கு மாதம்.

சுக்கில வருஷம், சித்திரை.
சித்திரையில் புயல் அடிக்காது என்று
கப்பலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
கரையில் அன்று ஒரு கட்டுமரமும் இறங்கவில்லை.
மாலையில் வடகிழக்கு, நடுராத்திரியில் கிழக்கு.
பாரம் குறைய பீரங்கிகளைத் தள்ளினார்கள்,
ஐம்பதில் முப்பத்தொன்று.
மீதிக்கு நேரமில்லை.
விடிந்தபோது கோட்டைமேல் நின்றவனுக்குக்
கடல் மட்டும் இருந்தது, அதுவும் சேற்று நிறத்தில்.

பணியின்போது இறப்பு.
மணி தெரியாததால் அந்தக் கட்டம் காலி.
பதினாலு வருஷம் மேலே மிதந்ததற்குத்தான் இத்தனை ஏடு;
கீழே கிடக்கும் காலத்துக்கு
களவாய் மீன் சாட்சி, கிழிந்த வலைகள் சாட்சி,
எழுத ஏடில்லை.

திங்கட்கிழமை கலிவரதன் வந்தார்.
கப்பல் யாருடையது என்று காட்ட நகலை நீட்டினேன்.
அவர் விரல் கடைசி ஏட்டில் நின்றது. படித்துச் சொன்னேன்.
"கடலூரா?"
"ஆமாம்."
"நம்ம ஆளும் அதுக்குள்ள கிடக்கானா?"

மின்விசிறி மட்டும் சுற்றியது.
மனுவைத் திருப்பி வாங்கினார்.
விட்டுக்கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.
பேனா கேட்டார்.
நாற்பத்தெட்டாயிரத்துக்குக் கீழே
கோணல் எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்:
"பையனுக்கு நாலு மாச சம்பளமும் பாக்கி."

பெறப்பட்டது என்று முத்திரை குத்தினேன்.
முற்பகல்.