கழிவு

நூற்றுக்குப் பத்து.
சந்தையின் சட்டம் அது, யாரும் எழுதி ஒட்டவில்லை.
தராசில் நூறு கிலோ நின்றால்
துண்டில் தொண்ணூறு விழும்.
"வழியில வாடும், நசியும், லொறி குலுங்கும் அண்ணன்"
என்பார் அழகரெத்தினம்
காதில் பேனையைச் செருகியபடி.

களுதாவளை மணலுக்கு ஞாபகம் குறைவு.
காலையில் குடித்ததை மத்தியானம் மறந்துவிடும்.
மாரி ஓய்ந்த கையோடு நட்ட கன்றுகளுக்குத்
தென்னோலைத் துண்டால் குடை பிடித்து,
மண்ணெண்ணெய் இல்லாமல் மெஷின் நின்ற நாள்களில்
துரவில் இறங்கிக் குடத்தால் அள்ளி,
புழு துளைத்த குருத்துகளை
விடியமுன் டோர்ச் அடித்து நுள்ளி எடுத்தவள்
தங்கநேசம்.
நான் எலிவளைக்கு மண் போட்டேன்.
ஒரு முறை மருந்தும் அடித்தேன்.
அதற்கு மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை.

பங்குனியில் ஊர் முழுக்கக் கத்தரி.
பக்கத்து வளவுக்கு ஒரு பை கொடுத்தால்
இரண்டு பை திரும்பி வருகிறது.
நூற்றைம்பது, தொண்ணூறு, அறுபது என்று இறங்கி
நாங்கள் பறித்த அன்று
முப்பத்தைந்தில் வந்து குந்தியது விலை.

நாலு சாக்கு. சரியாக நூறு.
தொண்ணூறு என்று எழுதினார்.
நான் கையை நீட்டினேன்,
எட்டு வருடமாய் நீட்டுகிற கை.
அவள்தான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"அந்தப் பத்தும் எங்க?"

"எந்தப் பத்து?"

"கழிச்ச பத்து. நீங்க வாங்கல்லதானே?
அப்ப அது என்ட.
என்ட சாமானைத் தாங்க, கொண்டு போறன்."

வெண்டிக்காய்ச் சாக்குக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.
அழகரெத்தினம் பேனையை எடுத்தார்,
திரும்பச் செருகினார்.
"அது நாளைக்கு வாடப்போற காய் தங்கச்சி,
இண்டைக்கு எப்பிடித் தாற?"

"நான் வாட வைக்கிறன்.
என்ட வளவிலயும் வெயில் எறிக்குது."

எனக்குக் காது சுட்டது.
அடுத்த பறிப்பை எவர் வாங்குவார் என்று
மனம் ஒரு பக்கம் கணக்குப் போட்டது.
முழங்கையைத் தொட்டேன். தட்டிவிட்டாள்.

கடைசியில் ஒரு பொடியன் நிறுத்துக் கொட்டினான்.
பத்து இல்லை, ஏழரை.
கழிவுக்கும் ஒரு கழிவு.
அதிலும் பாதி, தேடித் தேடிப் பொறுக்கிய ஓட்டை.

கல்முனை றோட்டில், பஸ் நிற்கும் வாகைக்குக் கீழே
சாக்கை விரித்து நல்லதைக் குவித்தாள்.
மருதமுனை ஓட்டோக்காரர் இரண்டு கிலோ.
குடையோடு வந்த டீச்சர் ஒன்று.
மட்டக்களப்பு பஸ்ஸின் கண்டக்டர்
மணியடிக்க மறந்து இறங்கி வந்து முக்கால்.
கிலோ எண்பதுப்படி முந்நூறு ரூபாய்.
அவள் எண்ணாமல் என்னிடம் தந்தாள்.
நான் இரண்டு தரம் எண்ணினேன்.

ஓட்டைக் காய்கள் எங்களோடு வீட்டுக்கு வந்தன.
புழு போன வழியே கத்தியும் போய்
அது நின்ற இடத்தில் நின்றது.
கறுத்தது ஆட்டுக்கு, வெள்ளை சட்டிக்கு.
கூனி வறுபடும் வாசம் வேலி தாண்டியது.
மூன்று கொச்சிக்காயை நீளமாய்க் கீறிப் போட்டு
முதற்பால் விட்டு, கொதிக்க விடாமல் இறக்கினாள்.
நான் சோற்றில் குழி பறித்துக் காத்திருந்தேன்.

"இதாம்மா லொறியில வாடின காய்?"
மகள் டிலோஜினி வாய் நிறையக் கேட்டாள்.
"வாட இருந்த காய்" என்றாள் தாய்.
"தின்னு புள்ள."

அப்போதுதான் போன் அடித்தது. அழகரெத்தினம்.
வெள்ளிக்கிழமை பறிப்பு இருக்கா என்றார்.
போனைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தேன்.
சட்டியை வழித்தபடி, நிமிராமலே சொன்னாள்:
"எத்தினை கழிப்பாராம் எண்டு கேளுங்க."

கேட்டேன்.
அந்தப் பக்கம் எங்கோ லொறி ஓடிக்கொண்டிருந்தது.
பதில் வரச் சுணங்கியது.