அபார்த்தே

வேலந்தாவளத்தில் பேருந்து புறப்படப்
பதினோரு நிமிடம் இருக்கும்.
இடப்பக்க சன்னலில் சோதனைச்சாவடி,
மடியில் இரண்டாம் அங்கம்.

அங்கம் நம் சொல்.
அந்தக் காலத்து ஸ்பானிஷ்காரர்கள் ஹொர்னாதா என்றார்கள்:
ஒரு பகலில் நடந்து தீர்க்கிற தூரம்.
ஒரு பகல் வேலைக்கும் அதே பெயர்தான்.
மூன்று நடந்தால் நாடகம் முடிந்து கல்யாணம்.
எருத்தேம்பதித் தோப்பில் மட்டை இழுக்கும் அம்மா
வாரத்துக்கு ஆறு முடிக்கிறாள்,
ஞாயிறு துணி துவைக்கிறாள்.
இதைக் கட்டுரையில் எழுதினேன்.
சினேகலதா மிஸ் ஓரத்தில் பென்சிலால்
'ஆதாரம்?' என்று கேட்டிருந்தார்.

எங்கள் நாடகத்துக்கு முதல் தாள் இல்லை.
எழுதியது யாரென்று
நகலெடுத்த சித்தூர்க் கடைக்கும் தெரியாது.
ஒரு சீமான், கடனில்.
ஒரு சீமாட்டி, ஆண்வேடத்தில்.
வேலைக்காரி தொமாசா.
இந்த அங்கத்தில் மட்டும் அவளுக்கு
அபார்த்தே பதினேழு.

அபார்த்தே என்றால் ஒருபக்கமாய்ச் சொல்வது.
மேடையில் எல்லோருக்கும் காது உண்டு,
ஆனாலும் கேட்காது.
கடைசி வரிசைக்குக் கேட்பது
கையெட்டும் தூரத்தில் நிற்கும் எசமானுக்குக் கேட்காது.
நம்பக் கஷ்டமாயிருக்கு என்றாள் விஜிஷா.
எனக்குக் கஷ்டமாக இல்லை.

தாலுகா ஆபீசில்
நான் மலையாளத்தில் சார் சார் என்று நிற்க,
அம்மா பக்கத்துச் சுவரைப் பார்த்துத் தமிழில்:
"எழவு, இவனுக்கு எத்தனை கையெழுத்துதான் வேணும்."
சார் நிமிரவில்லை.
சாருக்கு ஊர் வண்ணாமடை,
வீட்டில் பேசுவது தமிழ்.
முத்திரையை மட்டும் கொஞ்சம் ஓங்கிக் குத்தினார்.

பெரோ என்றால் ஆனால்.
பெர்றோ என்றால் நாய்.
கிணத்துக்கடவு மாமா மகளுக்கு இரண்டும் ஒன்று;
என் றகரத்தைக் கேட்டால்
மலையாளத்துக்காரி என்று சிரிப்பாள்.
இங்கே வகுப்பில் என் மலையாளம் பாண்டி மலையாளம்.
ஸ்பானிஷில் மட்டும்
இதுவரை யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

செய்முறைத் தேர்வன்று ஷிஹாப் சீமான்.
அட்டைத் தொப்பி, அதில் வாத்துச் சிறகு.
வெளித்தேர்வாளர் திருவனந்தபுரத்துக்காரர்,
முன்வரிசையில் ஃபிளாஸ்கோடு.
தொமாசா தட்டோடு வந்தேன்.
எட்டு அபார்த்தே சரியாகப் போயின.
ஒன்பதில்
சீமான் கடன்பத்திரத்தை நீட்டுகிறான்,
என் வாயில் ஸ்பானிஷ் இல்லை.
மின்விசிறி சுற்றுவது கேட்டது.
தட்டில் இருந்த எவர்சில்வர் தம்ளர் நடுங்குவது கேட்டது.
முகத்தை ஒருபக்கம் திருப்பினேன்.
"எழவு, இவனுக்கு எத்தனை கையெழுத்துதான் வேணும்."

ஷிஹாப்புக்குக் கேட்கவில்லை. நல்ல நடிகன்.
விஜிஷாவுக்குக் கேட்கவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.
மிஸ் பென்சிலைத் தேடினார்.
பத்தாவது தானாக வந்தது.

வாய்மொழித் தேர்வில்
அதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.
எட்டசை வரியைப் பற்றிக் கேட்டார்.
பாதி சொன்னேன்.
மீதிக்குத் தலையாட்டினார்,
தெரியாது என்பதைச் சொல்லிவிட்டேன் என்பதுபோல.
எழுந்து கதவுவரை வந்துவிட்டேன்.

பின்னால்,
மதிப்பெண் தாள் நான்கு பிரதி,
ஒவ்வொன்றிலும் மூன்று இடம்.
மை வராத பேனாவை உதறும் சத்தம்.
பிறகு, தாழ்ந்த குரலில்,
யாரிடமும் இல்லை, பேனாவிடம்,
ழகரம் பிசகாமல்:
"எழவு."

நான் திரும்பவில்லை.
எனக்குக் கேட்கவில்லை.

ஐந்தேகால் வண்டி போயிருந்தது.
நிறுத்தத்தில் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் பாக்கி.
மூன்றாம் அங்கத்தைப் பிரித்தேன்.
பரீட்சைக்கு அது இல்லை.
சீமானுக்கும் சீமாட்டிக்கும் கல்யாணம் ஆகிவிடும்,
அது தெரிந்ததுதான்.
தொமாசாவுக்குக் கூலி கொடுத்தார்களா
என்று பார்க்க வேண்டும்.