ஆர்வில் டனிலுக் அவர்களுக்கு

சாஸ்கட்டூனில் குடிவந்து ஐந்தாம் மாதம்.
அஞ்சல் பெட்டியின் உறைந்த பூட்டை
ஊதி ஊதித் திறந்தால்
இன்றும் அவருக்குத்தான்:
காதுக் கருவி பாதி விலை,
கரீபியக் கப்பல் பயணம்,
தக்காளி விதைப் பட்டியல்.

'இங்கே இல்லை' என்று சிவப்பு மையில்
எழுதி எழுதித் திருப்பினாலும்
வாரம் தவறாமல் வருகிறார்.

விதைக் கம்பெனிக்கு போன் செய்தேன்.
புது முகவரி உண்டா என்றாள் ஒருத்தி.
உண்டு என்றேன்,
வீட்டை விற்ற மகள் சொன்னதுதான்:
ஆற்றோரக் கல்லறை, ஏழாம் வரிசை.

கொஞ்சம் மௌனம். விசைப்பலகை ஓசை.
'வருந்துகிறோம். பட்டியலை
உங்கள் பெயருக்கு மாற்றட்டுமா?'

கொல்லைப் பனியில்
தக்காளிக்கென்று அவர் நட்ட கம்பிகள்
நுனி மட்டும் தெரிய நின்றன.
என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

காதுக் கருவிக்காரர்களிடம்
இன்னும் சொல்லவில்லை.